பனிக்கால உடையும் துவிச்சக்கர வண்டியும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆறனுள் மூன்று, அதாவது ஆண்டிற் பாதி, குளிரின்பாற்பட்டது. இவ்வாறு பொழுது வகுத்த இனத்தார்க்குக் குளிர் புதியதொன்றன்று. எனினும், இன்று நம்மிடையே குளிரைப் பற்றிப் பேசுவோன் நகைப்புக்கு ஆளாகின்றான். “யாழ்ப்பாணத்திற் குளிரா? இலண்டனிலிருக்கும் உம்முடைய உறவினரைக் கேட்டுப் பாரும்” என்பதே பெரும்பாலார் விடை. அவ்விடை பொருந்துமா என்பதை, விடியற்காலையில் துவிச்சக்கர வண்டியேறிப் பாடசாலைக்கும் தனியார் வகுப்புக்கும் செல்லும் பிள்ளைகளை முன்னிறுத்தி ஈண்டு ஆராய விரும்புகின்றேன்.

துவிச்சக்கர வண்டி என்பது வடமொழிச் சேர்க்கை. தனித்தமிழார் ஈருருளி என்பர். ஊரார் சயிக்கிள் என்பர். பெயர் எதுவாயினும் ஆகுக. குடாநாட்டு வாழ்வில் அதற்குள்ள இடம் பெரிது. 1990ஆம் ஆண்டு முதலாகப் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், ஆசிரியரும் அலுவலரும் நோயாளரும் மூட்டை சுமந்தோரும் அதனையே நம்பினர். 2022இல் எரிபொருளுக்காக நாடெங்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, கொழும்பு நகரத்தாரும் அதன் அருமையை உணர்ந்தனர். மாணவன் ஒருவனுக்கு அது கல்விக்குச் செல்லும் கால். அக்காலை வழங்கிய நாம், அதன்மீதிருந்து செல்லும் உடலை எண்ணினோமா என்பதே என் வினா.

வெப்பமானியை மட்டும் நோக்கின், நகைப்போர் கூற்று மெய் போலவே தோன்றும். யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால், உடல் உணருங் குளிர் வெப்பமானியில் மாத்திரம் அடங்குவதன்று. காற்றும் ஈரமும் அதனோடு சேர்த்து எண்ணப்படல் வேண்டும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலிற் கடந்து சென்றபோது, வடக்கு கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மாண்டன. குளிரே அதற்குக் காரணமெனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. பனிக்கட்டி உறைந்ததா? இல்லை. மழையில் நனைந்த உடலை வாடை தாக்கிற்று; அவ்வளவே. நெடுநல்வாடையைப் பயின்றோர் இச்செய்தி கேட்டு வியந்திரார். மேய்ச்சலை மறந்த விலங்கையும், கன்றை அணையவிடாத கறவையையும், நனைந்த உடலோடு தீயிற் கைகாய்ச்சி நடுங்கும் கோவலரையும் நக்கீரர் அன்றே காட்டிவிட்டார். அவர் பாடிய குளிரும் உறைபனிக் குளிரன்று; ஈரமும் காற்றுங் கூடிய குளிரே.

இனி, வண்டியோட்டுவோன் நிலையை நோக்குவோம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஒருவனை அதே வேகமுடைய எதிர்காற்று தாக்குமாயின், அவன் மேனியில் 30 கிலோமீற்றர் வேகக் காற்றே மோதுகின்றது. அவன் சட்டை மழையில் நனைந்திருப்பின் நிலைமை மேலுந் தீதாகும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 யூல் வெப்பம் வேண்டும். இருநூறு கிராம் நீரைக் குடித்த சட்டை உடலின் மேலேயே உலருமாயின் 4,80,000 யூல் செலவாகும். அவ்வெப்பம் முழுவதும் உடலிலிருந்தே வருவதாகவும், உடல் புதிதாக வெப்பம் பிறப்பிக்கவில்லையாகவும் கொண்டால், நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளையொன்றின் உடல் மூன்று பாகைக்கு மேற் குளிர்ந்துவிடும். உடல் ஓயாது வெப்பம் பிறப்பிப்பதாலேயே அவ்வாறு நேர்வதில்லை. ஆயினும் அவ்வெப்பத்திற்கு விலையுண்டு. காலையுணவும் உண்ணாது வந்த பிள்ளை அவ்விலையை எதனைக் கொண்டு செலுத்தும்? முதற் பாடவேளையில் விரல் விறைத்து எழுதுகோல் பற்றவியலாது இருக்கும் மாணவரைச் சோம்பர் என வைவதன்முன் ஆசிரியர் இதனைச் சிந்தித்தல் நன்று.

அவ்வாறாயின், தடித்த கம்பளியொன்றாற் பிள்ளையை மூடிவிடலாமா? அதுவும் பிழை. மிதிப்பவன் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே வண்டியை நகர்த்துகின்றது. எஞ்சிய முக்காற் பங்கும் வெப்பமாகின்றது. எனவே பத்து நிமிடத்துள் உடல் சூடேறும். தடித்த உடையுள் வியர்வை பெருகும். அவ்வியர்வையே பின்னர் மழைநீர் செய்யும் தீமையைச் செய்யும். ஆதலின், தடித்த ஒன்றினும் மெல்லிய பல நன்று என்பதே மேலைநாட்டு வண்டியோட்டிகள் பட்டறிவாற் கண்ட விதி. உட்புறத்தே வியர்வையை வெளிக்கடத்தும் மெல்லுடை, நடுவே வெப்பத்தைக் காக்கும் உடை, வெளியே காற்றையும் தூறலையும் தடுக்கும் மேலுடை என மூன்றடுக்கு அமைப்பர். வண்டியேறும்போது சிறிது குளிர்வதே சரியான அளவு. ஏறும்போதே இதமாயிருப்பின், வழியில் வியர்க்கும்.

பருத்தி நம் மண்ணுக்கு இசைந்த துணியாயினும் நனைந்தபின் உதவாது. கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் வெம்மை குன்றாதிருப்பது. செர்மானியராகிய குஸ்தாவ் யேகர் என்பார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேனியைத் தொட்டிருக்கத் தக்கது கம்பளியே என வாதித்தார். வண்டியோட்டுவதில் ஆர்வமுடைய நாடக ஆசிரியர் பெர்னாட் சோ, அவர் கொள்கைப்படி ஆக்கிய கம்பளியுடை அணிந்தே உலாவினார். நமக்கு அத்துணை வேண்டா. உலர்ந்த பெனியன் ஒன்று, மெல்லிய கம்பளி ஒன்று, காற்றுப் புகாத மழைச்சட்டை ஒன்று ஆகிய இவையே போதும். மழைச்சட்டையும் இல்லாதார்க்கு ஓர் எளிய வழியுண்டு. 1903இல் தொடங்கிய ‘தூர் த பிரான்சு’ வண்டியோட்டப் போட்டியில், மலையுச்சியை அடைந்த வீரர் இறக்கத்திற் குளிர்காற்றைத் தாங்கும்பொருட்டுப் பத்திரிகைத் தாளை மார்பில் வைத்து மூடிக்கொள்வது நெடுங்கால வழக்கம். வாசகர் இவ்வாரமலரைப் படித்து முடித்தபின் அப்பணிக்கும் பயன்படுத்தலாம், எனக்கு மனக்குறையில்லை.

கையையும் காதையும் மறத்தலாகாது. உடல் குளிரும்போது, உள்ளுறுப்புக்களைக் காக்கவேண்டிக் கைகால்களின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் விரல்கள் முதலில் விறைக்கின்றன. தடையைப் பற்றவேண்டியவையும் அவ்விரல்களே. தொங்கும் உடையும் ஆபத்து. சால்வையையும் துப்பட்டாவையும் கழுத்திற் சுற்றித் தலைப்பைத் தொங்கவிட்டுச் செல்வது நம்மிடையே வழக்கம். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் நீசு நகரிற் காரிற் செல்லுகையில், அவர் கழுத்துத் துகில் சக்கரத்திற் சிக்கியமையால் உயிரிழந்தார். நம் வண்டியிற் சக்கரமேயன்றிச் சங்கிலியும் உண்டு. விடியற் பனியிற் கருநிற மேலுடை பிறர் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் எளிதிற் செய்யக்கூடியனவாயின், ஏன் செய்யப்படவில்லை? காரணம் வறுமை மட்டுமன்று. சீருடைக்கு மேல் எதனையும் அணியலாகாது எனச் சில பாடசாலைகளில் ஒரு வழக்கம் நிலவுகின்றது. நான் அறிந்த பாடசாலை ஒன்றில், மழைநாளில் வந்த மாணவியொருத்தி தன் கம்பளிச் சட்டையை வாயிலிலேயே கழற்றிப் பையுள் வைக்கப் பணிக்கப்பட்டாள். நனைந்த வெண்சீருடையோடு அவள் காலை முழுவதும் இருந்தாள். ஒழுங்கின் பெயரால் அது செய்யப்பட்டது.

ஒழுங்கு வேண்டுவதே, நானும் ஆசிரியன். ஆயின், உடையொழுங்கு உடலுக்காகவேயன்றி, உடல் ஒழுங்குக்காக அன்று. 1898இல் இங்கிலாந்திலே ஆபட்டன் சீமாட்டியார் வண்டியோட்டுவதற்கேற்ற அகன்ற காற்சட்டை அணிந்து ஒக்காம் என்னும் ஊர் விடுதி ஒன்றுக்குச் சென்றார். அவ்வுடை தகாதெனக் கூறி, உணவறையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. வழக்கும் நடந்தது; விடுதியாரே வென்றனர். ஆயினும், அன்று தகாதென்ற உடை இன்று எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. மேலாடை அயலார் வழக்கம் என்பாரும் உளர். முல்லைப்பாட்டு, யவனர் அணிந்த சட்டையை மெய்ப்பை என வழங்குகின்றது. அயலார் உடைக்கும் அழகிய தமிழ்ப் பெயரிடத் தயங்காத புலவர் மரபு நம்முடையது. நாம் அதனை அணியத் தயங்குவானேன்?

குளிர் பொறுத்தால் உடல் உரமேறும் என்பது மற்றொரு வாதம். பின்லாந்து நாட்டு ஊலு நகரத்திற் சிறுவர் உறைபனியிலும் வண்டியோட்டிப் பாடசாலை செல்கின்றனர். அவர்கள் உரம் பெற்றது வெறுமேனியாற் குளிர் பொறுத்தன்று. தக்க உடை அணிந்தும், பனி அகற்றப்பட்ட பாதையிற் சென்றுமே.

மூன்றாவது வாதமே வலியுடையது. செல்வர் பிள்ளை விலையுயர்ந்த கம்பளி அணிந்து வர, வறியவர் பிள்ளை நாணி நிற்குமே என்பர். இக்கவலை மெய்யானது. ஆனால், அதற்கு மருந்து இருவரையும் நடுங்கவிடுவதன்று. பாடசாலைதோறும் ஒரே நிறமுடைய எளிய மேலுடையை வரையறுக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் இல்லாதார்க்கு வழங்கலாம். பரிசளிப்பு விழாவிற்கும் பொன்னாடைக்கும் செலவிடும் நாம் இதற்கு வழியிலோம் எனல் பொருந்தாது. நனைந்த உடையை உலர்த்த வகுப்பறைப் புறத்தே கொடியொன்று கட்டுவதற்கும், உலர்ந்த சட்டையொன்றைப் பொலித்தீன் பையிற் சுற்றிக் கொண்டுவருமாறு பிள்ளைகளுக்குச் சொல்வதற்கும், மழைநாளிற் பிந்தி வருவோரை வாயிலில் நிறுத்தாதிருப்பதற்கும் பணமே வேண்டுவதில்லை.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை மேடைதோறும் புகழ்கின்றோம். பரணர் அவன் ஈகையைக் கொடைமடம் என்றார். வேண்டுமோ வேண்டாவோ என ஆராயாது வழங்கும் அறியாமை அது. உண்மையில் மயிலுக்குப் போர்வை வேண்டா; இறகினிடையே காற்றைச் சிறைப்படுத்திக் குளிரைத் தடுக்கும் அமைப்பு அதற்கு இயல்பாகவே உண்டு. பிள்ளைகளுக்கு இறகில்லை. அவர்களுக்கு மேலாடை வேண்டும் என அறிவதற்குக் கொடைமடமும் வேண்டா. சிறிது கண்ணோட்டம் போதும். ஐப்பசி பிறக்குமுன்னரே அதிபர்களும் பெற்றோரும் கூடி இதனை முடிவு செய்வாராக.