ஃபைபர் வாசல்வரை வந்துவிட்டது. அறைக்குள் வேகம் எங்கே?

கோலாலம்பூர் – 2018-இல் இணையத்தின் மொத்த விற்பனை விலைக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்ட பின், நாட்டில் அகண்ட அலைவரிசைக் கட்டணம் இறங்கியது, வேகம் ஏறியது. 2020-இல் அறிவிக்கப்பட்ட ஜென்டெலா திட்டம் ஃபைபர் இணைப்பை மேலும் பல வீடுகளுக்குக் கொண்டு சென்றது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான்களிலும் “லைன் ஸ்லோ” என்ற புலம்பல் ஓயவில்லை.

பல வேளைகளில் கோளாறு கம்பியில் இல்லை. ரவுட்டர் இருக்கும் இடத்தில்தான். கம்பி நுழையும் வாசலோரம், தொலைக்காட்சி அலமாரிக்குப் பின்னால் அது ஒளிந்து கிடக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. செங்கல் சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும். அடுக்குமாடியில் அண்டை வீட்டு அலைகளோடு நெரிசல்படும்.

எனவே, கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறும் முன் மடிக்கணினியைக் கேபிள்வழி ரவுட்டரில் இணைத்து வேகத்தைச் சோதிக்க வேண்டும். முழு வேகம் கிடைத்தால் பெரிய திட்டம் வீண் செலவு. ரவுட்டரை வீட்டின் நடுவே, உயரத்தில் வைத்தாலே பலன் தெரியும். கிடைக்காவிட்டால் நிறுவனத்திடம் புகார் செய்யலாம். அங்கும் தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்தை நாடலாம்.

புது ரவுட்டர் வாங்குவோர் மலிவு விலையை மட்டும் பார்க்கக்கூடாது. சிரிம் சான்று முத்திரையும், தயாரிப்பாளர் தொடர்ந்து வழங்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பும் முக்கியம். பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும்.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகளின் வகுப்பறையே வீட்டுக்குள் வந்தது. அன்று தடுமாறிய குடும்பங்களுக்கு ரவுட்டர் ஆடம்பரமல்ல என்பது தெரியும். இணைப்புப் பொருத்த வரும் தொழில்நுட்பரிடம், பிள்ளை படிக்கும் மேசையைக் காட்டிவிட்டு இடம் முடிவு செய்வதே நல்லது.