வராந்தா நடை வரப்புக்கு உதவாது

தலைக்காயம் பட்டவர் வார்டு வராந்தாவில் தானாக நடந்துவிட்டால் வேலைக்குப் போகலாம், சமநிலைச் சோதனையெல்லாம் வீண் என்கிறார்கள். ஏற்க முடியாது. தஞ்சைப் பக்கத்து ஆள் திரும்பப் போவது ஈர வரப்புக்கு. தலையில் நாற்றுக்கட்டு இருக்கும். யாரோ கூப்பிட, திரும்புவார். இரவில் மோட்டார் போடப் போனால் கண்ணும் உதவாது, உட்காதும் பாதமும்தான் தாங்கவேண்டும்.

பெர்க் சமநிலை அளவுகோலில் 56க்கு 56 வாங்கியவர்கூட ஓட முடியாமல் தவிக்கலாம். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் மூளைக்காயத்துக்கென்றே ‘ஹைமேட்’ உருவானது: பின்னோக்கி நடை, தடை தாண்டல், ஓட்டம், படியேற்றம் என 13 சோதனைகள். ஸ்டாப்வாட்ச், அளவு நாடா, செங்கல், படிக்கட்டு இருந்தால் போதும். இதற்கா வசதியில்லை?

2021இல் வந்த தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ சாலை விபத்தில் சிக்கியவரின் உயிரை முதல் 48 மணி நேரம் காக்கிறது, அருமையான திட்டம். அதற்குப் பிறகான நடையை யார் அளப்பது? வயலுக்கு அனுப்பும் முன் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஹைமேட் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.