ஏட்டில் எழுதிய சமத்துவம்



"கம்யூனிஸம் என்றால் எல்லோரும் சமம்தானே, அதில் என்ன பிழை?" என்று பாடசாலை செல்லும் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? நமது வன்னியின் கதையையே சொல்லலாம்.

விடுதலைப் புலிகள் கம்யூனிஸ்ட் கட்சியல்ல. ஆனால் 1980களில் தாங்கள் அமைக்கப் போவது சோஷலிஸத் தமிழீழம் என்றே எழுதினார்கள். மார்க்ஸியம் கற்ற அன்டன் பாலசிங்கம் அதற்கு விளக்கம் கொடுத்தார். சாதி ஒழியும், சுரண்டல் ஒழியும், பெண் விடுதலை பெறுவாள் என்றார்கள். சீதனத்தைக் கட்டுப்படுத்தச் சட்டமும் போட்டார்கள். அந்த ஒன்றையாவது நாமும் செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நடைமுறை என்ன? வன்னியிலிருந்து வெளியே போக அவர்களிடம் 'பாஸ்' எடுக்க வேண்டும். போனவர் திரும்பி வர இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். (அரசின் கையிலிருந்த வவுனியா நகரிலும் அகதித் தமிழர்களுக்கு வேறொரு 'பாஸ்' இருந்தது. அதையும் மறக்கக் கூடாது.) போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கட்டாயமாகக் கேட்டார்கள். இயக்கத்துக்குக் கொடுக்காமல் காப்பாற்ற, பருவம் வந்தும் வராத மகள்மாரை அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த தாய்மார் எத்தனையோ பேர். விடுதலை பெறவிருந்த பெண்ணின் நிலை அது.

நமக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் மேல் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, கிளிநொச்சியின் நாச்சிக்குடா ஆகிய ஊர்களின் மக்களும் அதில் அடக்கம். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். நீ என்ன குற்றம் செய்தாய் என்று எவரையும் தனியாக விசாரிக்கவில்லை. முஸ்லிம் என்பதே போதுமாக இருந்தது.

இதே கதை முன்பும் நடந்தது, சகோதரிகளே. 1944 மே 18ஆம் திகதி ஸ்டாலினின் ஆணைப்படி கிரிமியாவின் தாத்தார் முஸ்லிம்கள் வீடு வீடாக எழுப்பப்பட்டார்கள். சிலர் ஜேர்மானியருக்கு உதவினார்கள் என்பதற்காக முழுச் சமூகமும் சரக்கு ரயிலில் ஏற்றப்பட்டது. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது உஸ்பெகிஸ்தானுக்கு. தாத்தார்களில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். கட்சி அட்டை அவர்களைக் காப்பாற்றவில்லை. 1848இல் மார்க்ஸும் ஏங்கல்ஸும் எழுதிய அறிக்கையில் தனிமனிதனின் சுதந்திர வளர்ச்சிக்கும் இடம் இருந்தது. ஸ்டாலினின் ரயிலில் அந்தத் தனிமனிதனைக் காணோம். அவன் ஒரு கூட்டத்தின் ஆள், அவ்வளவுதான்.

அந்த வெளியேற்றம் சட்டவிரோதமானது, குற்றமானது என்று சோவியத் நாடாளுமன்றமே 1989 நவம்பரில் அறிவித்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, நீராவிப்பிட்டியில் நம்மவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்தார்கள்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், வெளியேற்றம் தவறு என்று பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். மறப்போம், மன்னிப்போம் என்றார். பொருளாதாரம் பற்றிக் கேட்டபோது வந்த பதில் திறந்த சந்தை. சோஷலிஸம் எப்போதோ போய்விட்டிருந்தது.

2009க்குப் பிறகு திரும்பிப் போனவர்களில் பலர் தங்கள் காணியில் காடு வளர்ந்திருக்கக் கண்டார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பிறந்த பிள்ளைகளோ, "இது யாருடைய ஊர், உம்மா?" என்று கேட்கும் வயதைத் தாண்டியிருந்தார்கள்.