கப்பல் நின்றால் உலை கொதிக்குமா?

1942இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் குண்டு விழவில்லை, அரிசி நின்றது. கடலுக்கு அப்பால் மூண்ட போர் இங்கே அடுப்படிக்குள் வந்து நின்றது. அந்த நிலை மறுபடியும் வரலாம். வந்தால் தாங்குவதற்கு நாம் ஆயத்தமாக இல்லை.

இயந்திர யுகத்துப் போரைப் படைகள் மட்டும் நடத்துவதில்லை. ஆலைக்கு எண்ணெய் வேண்டும், வண்டிச் சில்லுக்கு இறப்பர் வேண்டும், படைவீரனுக்கும் தொழிலாளிக்கும் சோறு வேண்டும். பேரரசுகள் பிறர் நிலங்களையும் கடல்வழிகளையும் பிடித்தது இவற்றுக்காகவே. சீனாவோடு போரிட்டுக்கொண்டிருந்த யப்பானுக்கு 1941இன் நடுப்பகுதியில் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. அந்த டிசெம்பரிலேயே யப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. எண்ணெய்க்கும் இறப்பருக்கும் எழுந்த போட்டி நம் கடலை எட்டிய வழி இது.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் பர்மாவின் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் யப்பானியக் குண்டு விழுந்தது. அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. வங்கக் கடலில் வணிகக் கப்பல்களும் தப்பவில்லை. போர்க்கப்பல் மூழ்கினால் அது படையின் இழப்பு. அரிசிக் கப்பல் நின்றால் அது ஊரின் இழப்பு.

வட்டுக்கோட்டைக்கு இழப்பு இரட்டிப்பாக வந்தது. பர்மா அரிசி நின்றது. மலாயாக் காசும் நின்றது. இப்பகுதிப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்றவர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளையில் பல வீடுகள் வாழ்ந்தன. யப்பானியர் அங்கிருந்த மூன்றரை ஆண்டும் காசு வரவில்லை, கடிதமும் வரவில்லை. இங்கே அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வரிசை நின்றது. கொத்தால் அளந்து கிடைத்த அரிசி போதாத வீடுகளில் குரக்கனும் மரவள்ளியும் ஒடியற் கூழும் நாளைக் கடத்தின.

இதற்குப் பகைவன் மட்டும் காரணம் அல்லன். தேயிலையும் இறப்பரும் விற்று அரிசி வாங்கலாம் என்ற கணக்கில் இந்தத் தீவின் விவசாயம் பல பத்தாண்டுகளாக நடத்தப்பட்டது. உண்ட அரிசியில் பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் புகையிலைக்கே முதலிடம் கொடுத்தது. கப்பல் ஓடும் வரை அந்தக் கணக்குச் சரியாக இருந்தது. பர்மா அரிசியையும் நம்பிய வங்காளத்தில் அந்த அரிசி நின்றதோடு நிர்வாகத்தின் பிழைகளும் சேர்ந்தன. 1943இல் தொடங்கிய பஞ்சத்தில் அங்கே முப்பது இலட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. பங்கீடு நடந்ததால் இலங்கை அந்த அளவு அழிவிலிருந்து தப்பியது. போர் பஞ்சத்தைத் தொடக்கலாம். அதைப் பேரழிவாக்குவது ஆயத்தமின்மை.

இன்று நெல் விளைச்சலில் நாடு முன்னேறியிருக்கிறது. ஆபத்து இடம் மாறியிருக்கிறதே தவிர, போய்விடவில்லை. பாணுக்கு வேண்டிய கோதுமை இங்கே விளைவதில்லை. உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் ஊற்றும் எண்ணெய் கப்பலில் வருகிறது. உரமும் கப்பலில் வருகிறது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற கமக்காரர் இதை அறிவார்கள். அந்த நெருக்கடிக்கு அடிப்படை அந்நியச் செலாவணி வற்றியது. உக்ரேன் போர் விலையை ஏற்றி அதைக் கடுமையாக்கியது. கப்பல் நின்றால் இன்று அரிசி மட்டுமல்ல, அரிசியை விளைவிக்கும் வழியே நிற்கும்.

நம் கையில் உள்ளதையும் நாம் காக்கவில்லை. அராலி, வட்டுக்கோட்டை வயல்கள் மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் விளைபவை. அந்த மழையைத் தேக்கும் குளங்கள் தூர்ந்தால் கிணற்று நீரும் உவராகும். வயலில் மண் கொட்டி நிரப்பி வீட்டுக் காணியாக விற்பதை இப்பகுதி கண்டு பழகிவிட்டது. மொட்டைக்கறுப்பன் போன்ற நெல், உரம் குறைந்தாலும் வானம் பார்த்து விளையும். அதன் விதையைப் பேணும் பொறுப்பைச் சில கமக்காரரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது.

பொறுப்பு யாருடையது என்பதில் மயக்கம் வேண்டாம். உணவுக் கையிருப்பு மத்திய அரசின் பொறுப்பு. எவ்வளவு தானியம், எவ்வளவு எரிபொருள், எத்தனை நாளுக்கு என்பதை அது காலந்தோறும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். வயற்காணியையும் குளத்தையும் விதையையும் காப்பது விவசாய நிர்வாகத்தின் பொறுப்பு. நிரப்பிய வயலில் கட்டடம் எழுப்பக் கொடுக்கும் ஒவ்வோர் அனுமதிக்கும் உள்ளூராட்சி மன்றம் பதில் சொல்ல வேண்டும். சங்கக்கடைகளில் மூன்று மாத நெல் இருப்பை வைப்பது கூட்டுறவு நிர்வாகத்தின் பொறுப்பு. நெருக்கடி வந்தபின் கூடும் கூட்டத்தால் உலை கொதிக்காது.

இது முடியாத காரியம் அன்று. அயலூரான மூளாயின் மருத்துவமனை 1930களில் கூட்டுறவு முறையில் இந்த மண்ணில் எழுந்தது. மருத்துவமனையை எழுப்பத் தெரிந்த பகுதிக்கு நெற்களஞ்சியம் ஒன்றை எழுப்பவும் தெரியும். உலகப் போரைத் தடுக்கும் வலிமை வட்டுக்கோட்டைக்கு இல்லை. ஆனால் ஒரு போகத்து நெல்லையும் ஒரு குளத்து நீரையும் காக்கும் வலிமை இருக்கிறது. வரும் மாரிக்கு முன் குளங்கள் தூர்வாரப்பட வேண்டும். வரும் அறுவடையோடு கையிருப்புத் தொடங்க வேண்டும். கப்பல் நிற்கும் நாளை எவரும் முன்கூட்டி அறிவிக்கமாட்டார்கள்.