முதல் விருப்பத்தை எழுத அஞ்ச வேண்டுமா?

பல்கலைக்கழக விண்ணப்பப் பாரத்தை நிரப்பிய இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஆசைப்பட்டதை முதலில் எழுதிக் கோட்டை விடாதே; கிடைக்கக்கூடியதை எழுது" என்றார் மாமா. எழுதினேன், கிடைத்தது. உண்மையில் விரும்பிய துறை கிடைத்திருக்குமா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

அமெரிக்காவில் மருத்துவப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி இடம் ஒதுக்கும் முறை பற்றிய ஆய்வுகளைப் படித்தபோது அந்த இரவு மீண்டும் நினைவுக்கு வந்தது.

1940களில் அங்கே மருத்துவமனைகள் மாணவர்களைப் போட்டி போட்டுப் பிடித்தன. படிப்பு முடிய ஈராண்டு இருக்கும்போதே இடம் கொடுத்தன. இதைத் தீர்க்க, இரு தரப்பும் தத்தம் விருப்பப் பட்டியலை ஒரு பொது மையத்திடம் கொடுக்கும் திட்டம் வந்தது. ஆனால், முதலில் முன்மொழிந்த விதிப்படி, பெரிய இடத்தை முதலில் எழுதித் தோற்றவர் இரண்டாம் விருப்பத்தையும் இழக்க நேரிடலாம். 1951இல் மாணவர்கள் எதிர்த்தனர், விதி மாறியது. 1952இல் ஒதுக்கீடு தொடங்கியது.

1962இல் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் இத்தகைய ஒதுக்கீட்டுக்கு ஒரு கணித வழியை வெளியிட்டனர். மாணவர் தம் வரிசைப்படி கேட்பார். மருத்துவமனை தற்காலிகமாகவே ஏற்கும். அது மேலும் விரும்பும் ஒருவர் பின்னால் வந்தால் மாற்றிக்கொள்ளும். எனவே, முதல் விருப்பத்தில் தோற்றதால் இரண்டாவதில் யாரும் பின்தங்குவதில்லை. நடைமுறையில் இருந்ததும் இதே வகைதான், ஆனால் மருத்துவமனைப் பக்கமிருந்து தொடங்குகிறது என்று 1984இல் ஆல்வின் ராத் காட்டினார். 1998 முதல் அது மாணவர் பக்கமிருந்து தொடங்குகிறது. 2012இல் ராத்தும் ஷாப்லியும் பொருளியல் நோபல் பரிசு பெற்றனர்.

இம்முறை இடங்களைக் கூட்டிவிடாது. கிராமப்புற மருத்துவமனைகளின் காலியிடங்களையும் நிரப்பிவிடாது. ஆனால், மனத்தில் உள்ளதை அப்படியே எழுதுபவர் ஏமாளியாவதில்லை. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்த பலர் வீட்டில் பல்கலைக்கழகம் சென்ற அண்ணனோ அக்காவோ கிடையாது. தந்திரம் தெரிந்தவர் வெல்லும் விதி, இப்படிப்பட்ட பிள்ளைகளையே முதலில் தண்டிக்கிறது. புள்ளிகள் குறைந்து தோற்பது வேறு. பாரம் நிரப்பத் தெரியாமல் தோற்பது வேறு.

ஆகவே நண்பர்களே, நம் தம்பி தங்கைகளுக்கு வழிகாட்டும்போது, "எதை எழுதினால் கிடைக்கும்" என்பதோடு நிறுத்தாமல், "எந்த விதிப்படி தேர்ந்தெடுக்கிறீர்கள்" என்று கேட்கவும் சொல்லிக்கொடுப்போம். 1951இல் கேட்டவர்களும் நம்மைப் போன்ற மாணவர்கள்தாம்.