யார் வாங்கினால் குற்றம்?

தேர்தல் நெருங்கும்போது தவறாமல் மேடையேறும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. மனித உரிமை பேசும் அமைப்புகள் ‘ஃபாரின் ஃபண்ட்’ வாங்குகின்றன, போராட்டங்களெல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன, அந்த வழியை அடைத்துவிட்டால் நம் அரசியலில் அந்நியர் கை இருக்காது என்பது அதன் சாரம். மருத்துவமனைகளும் வங்கிகளும் கட்சிப் பிரமுகர்களின் வீடுகளும் நிறைந்த திருச்சி தில்லை நகர் போன்ற பகுதிகளில், யோசித்து வாக்களிக்கிற படித்தவர்கள் பலரும் இதை ஐயமின்றி நம்புகிறார்கள். நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. இதை ஒரு கட்சி மட்டும் சொல்லவில்லை. 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், கூடங்குளம் அணுமின் திட்டம் தடைப்படுவதற்குப் பெரும்பாலும் அமெரிக்காவைச் சார்ந்த தொண்டு நிறுவனங்களே காரணம் என்று ‘சயின்ஸ்’ இதழின் பேட்டியில் சொன்னார். 2023 ஏப்ரலில் ஆளுநர் ஆர்.என். ரவி, கூடங்குளம் போராட்டத்தோடு தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்டத்தையும் வெளிநாட்டு நிதியின் வேலை என்றார். எதிரெதிர் அணிகளின் அரசுகள் ஒரே வார்த்தையைச் சொல்லும்போது அது உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. இரண்டு அணிகளுக்கும் ஒரே லாபம் இருக்கும்போதும் ஒரே வார்த்தை வரும் என்பதே என் பதில். அதற்கான சான்றுகள் நாடாளுமன்றப் பதிவிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் கிடக்கின்றன.

வெளிநாட்டுப் பணம் வாங்குவது தொண்டு நிறுவனங்கள், கட்சிகளும் வேட்பாளர்களும் நம் நாட்டுப் பணத்தில் இயங்குகிறார்கள் என்பதுதான் இந்தக் கருத்தின் அடித்தளம். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ, நெருக்கடிநிலைக் காலத்தில் 1976-இல் வந்தது. அது முழுமையாகத் தடைசெய்த பட்டியலில் முதலில் நிற்பவர் தேர்தல் வேட்பாளர், கூடவே எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், அரசியல் கட்சிகள், அரசு ஊழியர்கள், செய்தித்தாள் ஆசிரியர்கள். தொண்டு நிறுவனங்கள் கணக்குக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்; வேட்பாளரும் கட்சியும் தொடவே கூடாது. சட்டம் யாரைப் பார்த்துப் பயந்தது என்பது இதிலேயே தெரிகிறது. அந்தப் பயம் நியாயமானதுதான் என்று 2014 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் காட்டியது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஈ.ஏ.எஸ். சர்மாவும் தொடுத்த வழக்கில், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடமிருந்து காங்கிரசும் பாஜகவும் நன்கொடை பெற்றது இந்தச் சட்டத்தை மீறிய செயல் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்குமாறும் உத்தரவிட்டது. நன்கொடை கொடுத்த நிறுவனங்களில் ஒன்றின் பெயர் ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ்.

அடுத்து நடந்ததை ஒவ்வொரு வாக்காளரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில், பட்ஜெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பிரிவு நுழைந்தது. அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கிற நிறுவனம், பாதிக்கு மேல் பங்கு வெளிநாட்டவரிடம் இருந்தாலும், இனி ‘வெளிநாட்டு மூலம்’ ஆகாது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய எஃப்சிஆர்ஏ இயற்றப்பட்ட 2010 செப்டம்பரிலிருந்தே இது அமல் என்றது அந்தப் பிரிவு. அதைக் காட்டி, உச்ச நீதிமன்றத்தில் இருந்த மேல்முறையீடுகளை அந்த ஆண்டு நவம்பரில் இரண்டு கட்சிகளும் திரும்பப் பெற்றன. ஆனால் வழக்குக்குரிய நன்கொடைகள் 2010-க்கு முந்தியவை, பழைய சட்டத்தின்கீழ் வருபவை. அந்த ஓட்டையை 2018-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அடைத்தது. 2010 என்ற தேதியை எடுத்துவிட்டு, பழைய சட்டம் நடைமுறைக்கு வந்த 1976 ஆகஸ்ட் 5-ஐப் போட்டார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுக் கணக்கு ஒரு வரித் திருத்தத்தில் நேராயிற்று. மக்களவையில் மார்ச் மாதம் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் அது நிறைவேறியது. கொண்டுவந்தது பாஜக அரசு, காப்பாற்றப்பட்டது காங்கிரசும்தான். அந்த நிறுவனங்கள் இங்கே தொழில் நடத்துகின்றன, வரி கட்டுகின்றன, வேலை கொடுக்கின்றன. அவற்றின் பணம் இந்தியப் பணம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான வாதம்தான். ஆனால் அது நீதிமன்றத்தில் தோற்ற வாதம். தோற்றவர்கள் மேல்முறையீட்டைத் தொடராமல், வழக்கின் காலத்துக்கே பின்னோக்கிப் போய்ச் சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். அந்த வசதி கட்சிகளைத் தவிர இந்த நாட்டில் வேறு யாருக்குக் கிடைக்கும்?

தேர்தல் பத்திரங்கள் இந்த மாற்றத்தோடு கைகோத்தன. 2017-இல் கம்பெனிகள் தம் லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு நீக்கப்பட்டது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும் மறைக்கப்பட்டது. இரண்டையும் எஃப்சிஆர்ஏ திருத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், போலிக் கம்பெனிகள் வழியே வெளிநாட்டுப் பணம் கட்சிகளுக்குள் வரும் என்று எச்சரித்தது தேர்தல் ஆணையம்தான். அதே ஆண்டு மே மாதம் சட்ட அமைச்சகத்துக்குக் கடிதமே எழுதியது. அந்நியத் தலையீட்டைப் பற்றி மேடையில் முழங்குபவர்கள் யாரும் அந்தக் கடிதத்தைப் பேசுவதில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்துசெய்த பிறகே கணக்கு வெளியே வந்தது. தமிழ்நாடு தன் பங்கை மறக்கக் கூடாது: திமுக பத்திரங்கள் மூலம் பெற்ற 656.5 கோடி ரூபாயில் 509 கோடி, கோவையைச் சேர்ந்த லாட்டரி அதிபர் மார்ட்டினின் நிறுவனம் ஒன்றே கொடுத்தது. இது உள்நாட்டுப் பணம். ஒரு மாநிலத்தின் ஆளுங்கட்சிக்குக் கிடைத்த பத்திரப் பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே தொழிலதிபரிடமிருந்து வந்திருக்கிறது என்ற செய்தி உச்ச நீதிமன்றம் தலையிடும் வரை வாக்காளர்களுக்குத் தெரியவில்லை. ஒரு சிறு தொண்டு நிறுவனமோ, தான் வாங்கிய வெளிநாட்டுத் தொகைக்கு ஆண்டுதோறும் தணிக்கையோடு உள்துறை அமைச்சகத்துக்குக் கணக்கு அனுப்புகிறது. மறைவில் இருந்தது யார் என்று வாசகரே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

போராட்டங்கள் பணத்தால் உண்டாகின்றன என்பது அடுத்த வாதம். கூடங்குளத்தில் 2011-இலிருந்து இடிந்தகரை மக்கள் போராடியபோது, தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு தொடர்புடைய தொண்டு அமைப்புகளின் வெளிநாட்டு நிதிக் கணக்குகள் முடக்கப்பட்டன. கணக்கு முடங்கிய பிறகும் போராட்டம் ஓயவில்லை. மீனவர்கள் தங்கள் வருமானத்திலிருந்து கொடுத்ததில் பந்தல் நின்றது. சுப. உதயகுமார் உள்ளிட்ட போராட்டத் தலைவர்கள் 2014-இல் ஆம் ஆத்மி வேட்பாளர்களாகச் சொத்துக் கணக்கைத் தாக்கல் செய்து மக்களிடம் நேராக வாக்குக் கேட்டு, தோற்றார்கள். அந்நியரின் கையாட்கள் தேர்ந்தெடுக்கிற பாதை இது என்று எனக்குத் தோன்றவில்லை. தூத்துக்குடி இன்னும் தெளிவானது. போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நிதிச் சட்டத் திருத்தம் நிறைவேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. ஸ்டெர்லைட் ஆலையை மூடியது சரியே என்று 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும், அதில் தலையிட மறுத்து 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் முடித்துவைத்தன. காற்றும் நீரும் கெட்டது உண்மை என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, அதைச் சொன்னவருக்கு யார் பஸ் செலவு கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு என்ன பொருள்? ஒரு புகாரின் உண்மை, அதைத் தட்டச்சு செய்த காகிதத்தை யார் வாங்கிக் கொடுத்தார் என்பதைப் பொறுத்து மாறாது.

கணக்குச் சரியாக இருந்தால் பயமேன் என்று கேட்கிறார்கள். மதுரையில் ஹென்றி திபேன் நடத்தும் மக்கள் கண்காணிப்பகம், காவல் சித்திரவதைகளைப் பதிவுசெய்து வழக்காடுகிற அமைப்பு. 2012-இல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி அதன் வெளிநாட்டு நிதி அனுமதியை நிறுத்திவைத்தது. 2016-இல் பாஜக ஆட்சி புதுப்பிக்க மறுத்தது. ஆட்சி மாறியும் நடவடிக்கை மாறவில்லை. பந்த், மறியல் போன்ற வழிகளில் பொதுப் பிரச்சினைக்கு ஆதரவு தந்தாலே ஓர் அமைப்பை ‘அரசியல் தன்மையுடையது’ என்று அறிவித்து நிதியைத் தடுக்க 2011-ஆம் ஆண்டின் விதிகள் இடம் தந்தன. அரசியல் நோக்கமின்றி முறையான வழிகளில் எதிர்ப்புத் தெரிவிப்பவர்களை அப்படித் தண்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் இன்சாஃப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியின் வீச்சைக் குறைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தையே இறுக்கிவிட்டது: நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது, பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் இறங்க வேண்டும், ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது. லால்குடியிலோ மணப்பாறையிலோ இருக்கும் ஒரு சிறிய குழு பெரிய அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் நிதி பெற முடிந்தது. அந்த வழி அடைபட்டுவிட்டது. உரிமைப் பணியில் வழக்கறிஞரின் சம்பளமும் ஆய்வாளரின் பயணப்படியும்தான் பணியே. அதை ‘நிர்வாகச் செலவு’ என்று எண்ணினால் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்? இவற்றில் வங்கிக் கிளை, பகிர்வுத் தடை பற்றிய திருத்தங்களை 2022-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றது. செல்லுபடியாகும் சட்டம் ஒன்று தவறான சட்டமாகவும் இருக்கலாம். அதைச் சொல்லும் உரிமையைத் தீர்ப்பு பறிக்கவில்லை.

வெளிநாட்டுத் தலையீடு கற்பனை என்று நான் சொல்லவில்லை. பனிப்போர்க் காலத்தில் இந்தியக் கட்சி ஒன்றுக்கே அமெரிக்க உளவு நிறுவனம் பணம் கொடுத்ததாக, இங்கே அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹன் 1978-இல் எழுதினார். அவர் குறிப்பிட்டது காங்கிரசை. ஆகவே வேட்பாளருக்கும் கட்சிக்கும் முழுத் தடை தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அமெரிக்காவும் அப்படித்தான் செய்கிறது: வெளிநாட்டவர் தேர்தலுக்குப் பணம் தரத் தடை, தொண்டு நிறுவனங்களுக்குத் தரத் தடையில்லை. ஆனால் நம் தேர்தல் எங்கே கெட்டது என்று பார்க்க வேண்டும். திருச்சிக்குப் பக்கத்திலேயே தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் 2016 மே மாதத் தேர்தலை ஆணையம் நிறுத்தியது. 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர். நான்கு இடத்திலும் காரணம் வாக்காளருக்குப் பணம். அதில் ஒரு ரூபாயும் மனித உரிமை அமைப்பு எதுவும் கொடுத்ததாகக் குற்றச்சாட்டே எழவில்லை. சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்கிறார்கள். அவருடைய கட்சி எவ்வளவு செலவிடலாம் என்பதற்கோ வரம்பே இல்லை.

உரிமைப் பணி அவ்வளவு முக்கியம் என்றால் உள்ளூரிலேயே வசூலிக்கலாமே என்பது மிச்சமிருக்கும் கேள்வி. நேர்மையான கேள்வி. வசூலிக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். கோயில் திருப்பணிக்கும் கல்விக்கும் அன்னதானத்துக்கும் ஸ்ரீரங்கமும் திருச்சியும் கை நிறையக் கொடுக்கும் ஊர்கள். ஆனால் காவல் நிலைய மரணத்தை விசாரிக்க எந்த வணிகர் ரசீது வாங்கிக்கொண்டு பணம் தருவார்? அவருக்கு உரிமம் வேண்டும், கடைவீதியில் நாளையும் தொழில் நடக்க வேண்டும். கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதம் செலவிட வேண்டிய சமூகப் பொறுப்புத் திட்டப் பட்டியலிலும் மனித உரிமை என்ற தலைப்பு கிடையாது. இந்தப் பணி யாருக்காக நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாமில் இலங்கைத் தமிழர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறார்கள். மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு வாக்கு இல்லை. திருச்சி மத்தியச் சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த இலங்கைத் தமிழர் சாந்தன் வைக்கப்பட்டார். ஊர் திரும்பாமலே 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார். விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம், வாக்களிக்கத்தான் முடியாது. லால்குடி அருகே விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்ட் சிறைகளில் விசாரணை முடியாமல் கிடந்த பழங்குடியினருக்காக உயர் நீதிமன்றம் போனவர்; தாமே 83 வயதில் கைதாகி, விசாரணை தொடங்கும் முன் 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே இறந்தார். இவர்களிடம் வாக்கு இல்லாததால் வேட்பாளர் வருவதில்லை. இவர்களால் விளம்பரம் கிடைக்காததால் உள்ளூர்க் கொடையாளரும் வருவதில்லை. உலகில் வேறெங்கோ ஒரு தேவாலயமோ அறக்கட்டளையோ இவர்களுடைய வழக்குச் செலவை ஏற்க முன்வந்தால், அதை அந்நியச் சதி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளரிடம், எந்தக் கட்சியானாலும், வெளிநாட்டுப் பணத்தைப் பற்றியே கேட்போம். 1976 ஆகஸ்ட் 5 என்று மாற்றிய அந்தத் தேதியை நீக்க உங்கள் கட்சி நாடாளுமன்றத்தில் குரல் கொடுக்குமா? இருபதாயிரம் ரூபாய்க்குக் குறைந்த நன்கொடைகளுக்கும் பெயரை வெளியிடுமா? ஓர் அமைப்பின் அனுமதியை ரத்துசெய்யும் அதிகாரியே தீர்ப்பும் சொல்லாமல், காரணத்தை எழுத்தில் கொடுத்து, தனியான தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வழிவைக்கும் திருத்தத்தை ஆதரிக்குமா? கொட்டப்பட்டு முகாமில் பிறந்து வளர்ந்தவர்களின் குடியுரிமை பற்றி உங்கள் தேர்தல் அறிக்கையில் எத்தனையாவது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?