பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எந்தக் கிளி?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோரில் யாராவது ஒருவர் பள்ளி வாயிலில் நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பையன் கிளி வேண்டுமென்று அடம் பிடிக்கிறான். எந்தக் கிளி வாங்கலாம்? சீக்கிரம் பேசுகிற கிளியாக இருந்தால் நல்லது." கேள்வியின் முற்பகுதி மகிழ்ச்சி தருகிறது. பிற்பகுதிதான் கவலை தருகிறது. வகுப்பில் பொருளறியாமல் ஒப்பிக்கும் மாணவனைக் கிளிப்பிள்ளை என்று கடிந்து கொள்ளும் நாம், வீட்டுக்கு மட்டும் ஒப்பிக்கும் கிளியைத் தேடுகிறோம்!

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மதுரை மீனாட்சியின் கையில் கிளி. ஆண்டாளின் தோளில் கிளி. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் கிளி சோதிடரைப் பார்த்த பிள்ளைகளுக்குச் சீட்டெடுக்கும் பச்சைக் கிளி வியப்பாகவே இருக்கும். 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்தின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் 'மணி' என்னும் சோதிடக் கிளி காலிறுதி வெற்றியாளர்களைச் சரியாகக் காட்டி உலகச் செய்தியானது. (இறுதியாட்டத்தில் அது நெதர்லாந்தைக் காட்டியது, கிண்ணமோ ஸ்பெயினுக்குப் போயிற்று.) ஆகவே, கிளி என்றாலே நீண்ட வால், பச்சை நிறம், மனிதக் குரல் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. முதற்கிளியாக நான் வேண்டாம் என்பதும் அதைத்தான்.

முதலாவது, சட்டம். நம் நாட்டுக் காடுகளிலும் கடலோரங்களிலும் வாழும் நீண்ட வால் கிளி, மலாய்க்காரர்கள் 'பாயான்' என்பார்களே, அது காட்டுயிர். பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை உரிமமின்றி வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரப்பொந்திலிருந்து எடுத்த குஞ்சு என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். உரிமம் பற்றிய ஐயத்தைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்திலேயே கேட்டுத் தெளியலாம். கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. பேச்சுக்குப் பெயர்போன ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியின் கதை இன்னும் கொடுமை. வீட்டுக் கூண்டுகளுக்காகவே காட்டிலிருந்து பெருமளவில் பிடிக்கப்பட்டதால் அதன் இனம் குன்றியது. 2016இல் ஜொகன்னஸ்பர்க்கில் கூடிய அனைத்துலக மாநாடு, காட்டில் பிடித்த சாம்பல் கிளிகளின் அனைத்துலக வாணிபத்தைத் தடை செய்யும் நிலைக்கு வந்தது.

இரண்டாவது, வயதுக் கணக்கு. இதைத்தான் பெற்றோர் போட்டுப் பார்ப்பதில்லை. சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டு வாழும். ஆண்டு 4 படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை ஐம்பது வயதைத் தாண்டும்வரை அதற்கு யாராவது தீனி வைத்தாக வேண்டும். இடையில் எஸ்.பி.எம். வரும், பல்கலைக்கழகம் வரும், வேலை வரும், திருமணம் வரும். தனிமைப்பட்ட பெரிய கிளி கத்தும். சில கிளிகள் தம் இறகைத் தாமே பிடுங்கிக் கொள்ளும். அப்போது அதை யாரிடம் கொடுப்பது?

என் பரிந்துரை பட்ஜரிகர் எனப்படும் சின்னஞ்சிறு கிளி. நம்மவர் பலர் இதைத்தான் தவறுதலாக 'லவ் பேர்ட்ஸ்' என்கிறார்கள். உண்மையான லவ்பேர்டு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். அலகு வலியது, கடித்தால் சிறு விரல் புண்ணாகும். பட்ஜரிகர் ஆஸ்திரேலியப் பறவை. 1840இல் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டதிலிருந்து கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி வருகிறது. எடை முப்பது, நாற்பது கிராம்தான். ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழும். நன்றாகப் பேணினால் பத்தும் தாண்டும். பேச்சும் வரும்; 1,728 சொற்கள் கற்றதாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது ஒரு பட்ஜரிகர்தான். பேசினால் தமிழில் பேசட்டும், பேசாவிட்டாலும் குறையில்லை. சற்றுப் பெரிய பறவை விரும்புவோர் கொண்டை வைத்த காக்கட்டியலைப் பார்க்கலாம். அமைதியான குணம், ஆனால் பதினைந்து, இருபது ஆண்டு வாழும் என்பதை மறக்கலாகாது.

ஒன்றா, இரண்டா என்பார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளே மிகுதி. பிள்ளையும் பள்ளி முடிந்து பிரத்தியேக வகுப்புக்குப் போய் மாலையில்தான் வீடு திரும்புகிறது. பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் ஒற்றைக் கிளி வளர்ப்பது அதற்குச் சிறைத்தண்டனை. கூட்டமாக வாழும் பறவை அது. இரண்டாக வாங்குங்கள். இரண்டு இருந்தால் மனிதரிடம் பேச்சுக் கற்பது குறையும் என்பது உண்மையே. குறையட்டும். அடுக்குமாடியில் இருப்போர் முதலில் நிருவாகக் குழுவின் விதிகளைப் பாருங்கள். அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் விலங்கை வைத்திருக்கக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிருவாக விதிமுறைகள் சொல்கின்றன.

கடையில் இளம் பறவையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெற்றியில் வரிகள் அலகுவரை இறங்கியிருந்தால் குஞ்சுப் பருவம். வளர்ந்த பிறகு, அலகின் மேல் உள்ள மூக்குப் பகுதி பெரும்பாலும் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. வாலடி அழுக்காக இருப்பதும், பகலில் உடலை உப்பிக்கொண்டு தூங்குவதும் நோய்க்குறி. ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பறவையும் வேண்டாம்.

பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டிய முதற்பாடம், பறவையை இறுகப் பிடிக்கக் கூடாது என்பது. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அன்பு மிகுதியால் ஏழு வயதுக் கை இறுக்கிப் பிடித்தாலும் அது மூச்சடைத்து இறந்துபோகும். எனவே ஆண்டு 1, ஆண்டு 2 பிள்ளைகள் பார்க்கட்டும், தண்ணீர் மாற்றட்டும். பிடிப்பது பெரியவர் வேலை. பறவை பிள்ளையுடையது என்று சொல்லிக் கொள்ளலாம். பொறுப்பு அம்மா அப்பாவுடையது. அதற்கு நேரமில்லாதவர்கள் மீன்தொட்டியோடு நின்றுகொள்வது நன்று.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் கொசுவத்திப் புகையும் கிளியின் நுரையீரலுக்கு ஆகா. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும்; கூண்டைச் சமையலறையில் வைக்கவே கூடாது. கிளியை வெளியே விடுமுன் மேல்விசிறியை நிறுத்துங்கள். மிளகாய் கொடுக்கலாமா என்று பாட்டிமார் கேட்பதுண்டு. கொடுக்கலாம், பறவைக்குக் காரம் உறைப்பதில்லை. வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும்தான் நஞ்சு. தானியம் மட்டும் போட்டால் ஊட்டச்சத்து போதாது. கீரையும் துருவிய காரட்டும் சேர வேண்டும்.

தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்குக் கிளிகள் மிரண்டு கூண்டில் மோதும். காக்கட்டியல் இருட்டில் திடுக்கிட்டு இறகை ஒடித்துக் கொள்வதும் உண்டு. ஒரு பக்கம் துணி போர்த்தி, சிறு விளக்கொன்றை எரியவிட்டு, உள்ளறையில் வைக்கலாம். பண்டிகைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் தீனியும் தண்ணீரும் மாற்றும் ஆளை முன்பே பேசி வைத்துவிட்டுக் கூண்டு வாங்கப் போவது நல்லது.